இரண்டு என்று எழுதினேன்

ஓடுகிறோம். அப்பா முன்னால். மாமி நடுவில். அம்மாவின் கையில் ஒரு துணிச்சுருள். அதற்குள் தங்கச்சி. நான் கடைசி. என் தலையில் அரிசி வாளி. வாளியில் அரிசி இல்லை. அடையாள அட்டைகள் இருந்தன. என் பள்ளிக்கூட றிப்போட் இருந்தது.

வலைஞர்மடம். 2009, சித்திரை மாதம். தேதி தெரியாது. கலண்டரை மாத்தளனில் விட்டுவிட்டோம். கிழமை தெரியும். செவ்வாய். பள்ளிக்கூடம் நடந்திருந்தால் முதற்பாடம் கணிதம்.

முதலில் குத்துகிற சத்தம். தூரத்தில். டும். பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு நேரம். அந்த நேரத்தை நாங்கள் எண்ணுவோம். எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் ஷெல் தலைக்கு மேலால் போகிறது. அதற்குள் கூவத் தொடங்கினால் அது எங்களுக்கு. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். எண்ணுகிற வேலை என்னுடையது.

"படுங்கோ! படுங்கோ!"

யார் கத்தியது என்று தெரியாது. சனம் முழுவதும் கத்தியது.

ஒரு பங்கருக்குள் விழுகிறோம். எங்களுடையது அல்ல. யாரோ வெட்டிவிட்டு ஓடிப்போனது. சுவருக்கு மணல்மூட்டை. மூட்டையெல்லாம் சேலை. சாக்கு முடிந்துபோன காலம். பெண்கள் சேலைகளை வெட்டித் தைத்து மணல் நிரப்பினார்கள். என் முகத்துக்கு நேரே ஒரு கூறைச்சேலை மூட்டை. சிவப்பு. சரிகைக் கரை.

அம்மா பிள்ளையை என் மடியில் போட்டார். மாமி வாசலில் விழுந்து கிடந்தார். மாமி என்றால் அப்பாவின் தங்கை. அம்மாவும் அப்பாவும் அவரை இழுக்கப் போனார்கள்.

தங்கச்சிக்குப் பத்தொன்பது நாள். தறப்பாள் கொட்டிலில் பிறந்தவள். அழவில்லை. கண்ணைத் திறந்து சரிகையைப் பார்த்தாள்.

டும்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

சுவர் சரிந்தது.

சத்தம் கேட்கவில்லை. கிட்ட விழுந்தால் கேட்காது. வாய் முழுக்க மணல். கண்ணுக்குள் மணல். மடியில் ஒரு அசைவு. பிறகு அந்த அசைவு இல்லை. அப்பாவின் கை முதலில் என் தலைமயிரைப் பிடித்தது. இழுத்தார். நான் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை.

வாசலில் கிடந்த மாமியும் விடவில்லை.

அப்பா அந்தச் சிவப்பு மூட்டையைக் கிழித்தார். மணலைக் கொட்டினார். அந்தச் சேலையால் பிள்ளையைச் சுற்றினார். மாமியின் பக்கத்தில் கிடத்தினார். நாங்கள் மணலைத் தள்ளினோம். மண்வெட்டி இல்லை. கையாலும் வாளியாலும் தள்ளினோம். பங்கர்தான் குழி. அம்மா பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பி நின்றார். அம்மாவின் சட்டை முன்பக்கம் பாலால் நனைந்திருந்தது. இதை நான் எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் மூன்றரை. அடுத்த குத்து. ஓடினோம்.

அப்பா அதன்பிறகு மூன்று வாரம் இருந்தார். முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. காலை ஒன்பது மணியளவில். வரிசையில் நின்ற வேறு ஆட்கள் புதைத்தார்கள். எங்களுக்கு இடம் காட்டப்பட்டது. பத்து நிமிடம் நின்றோம்.

பிறகு முகாம். முட்கம்பி. ஒரு மேசை. ஒரு படிவம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேனா என் கையில்.

"செத்தது எத்தனை பேர்?" மேசைக்காரர் கேட்டார். பெயரும் வயதும் வேண்டும் என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னார், "ரெண்டு."

தங்கச்சிக்குப் பெயர் இல்லை. எங்களில் முப்பத்தொன்றாம் நாள் தீட்டுத் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பது. அவள் அந்த நாளுக்கு வரவில்லை. பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை. கட்டத்தில் என்ன எழுதுவது?

இரண்டு என்று எழுதினேன். என் கையெழுத்து.

அந்த இரண்டு எங்களோடு கப்பலேறியது. 2012இல் படகில் வந்தோம். விசாரணை அறையில் அதிகாரி கேட்டார். எத்தனை பேர்? மொழிபெயர்ப்பாளர் கேட்டார். எத்தனை பேர்? இரண்டு. அடுத்த வருடம் இன்னொரு அதிகாரி. இரண்டு. மாற்றிச் சொன்னால் முரண்பாடு. முரண்பாடு என்றால் பொய். பொய் என்றால் திருப்பி அனுப்புவார்கள். தற்காலிக விசா, மறுபடி தற்காலிக விசா. பத்து வருடத்துக்கு மேல் அந்த எண்ணைக் காவல் காத்தேன். நிரந்தர விசா வந்த பிறகும் வாய் பழகிவிட்டது.

ஒவ்வொரு வைகாசியும் சிட்னியின் மேற்குப் பக்கம், செவன் ஹில்ஸில் ஒரு மண்டபத்தில் கூடுவோம். செத்தவர்களின் பட்டியலை வாசிப்பார்கள். பட்டியலை ரைப் பண்ணுவது நான். மற்றவர்களுடைய பிள்ளைகளை எல்லாம் ரைப் பண்ணினேன். எங்கள் வீட்டுக்கு நேரே இரண்டு வரி.

பென்டில் ஹில்லில் அம்மாவும் நானும். இரண்டு அறை. இதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

*

இப்போது சிட்னியின் மறுபக்கம்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். யூத மக்களின் இல்லம். பென்டில் ஹில்லில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்தால் ஒன்றேமுக்கால் மணித்தியாலம். வாசலில் காவலாளி. பையைத் திறந்து காட்டி உள்ளே போகவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அது ஒரு மாதிரி இருக்கும். எனக்கு இல்லை. பையைத் திறந்து காட்டி வளர்ந்தவன் நான்.

முதல் வருடம் நடைபாதைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. யாரோ ஒரு பேரப்பிள்ளை கீறியது. சிங்கக்குட்டி. கீழே அவர்களுடைய மொழியில் அதற்குரிய சொல், ஆங்கில எழுத்தில். வாசித்தேன். கிபிர். எங்கள் தலைக்கு மேல் வந்த விமானத்தின் பெயர். "கிபிர் வருது! கிபிர்!" என்று கத்திக்கொண்டுதான் நாங்கள் பங்கருக்குள் பாய்வது. அது யூதர்களின் நாட்டில் செய்த விமானம் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள் என்பது தெரியாது. பிறகு ஏழாம் அறைக்குக் காலைச் சாப்பாட்டுப் பாண் கொண்டுபோனேன். அந்த விமானத்தை ஓட்டி வந்தது அந்த அறையில் இருந்தவர் அல்ல. யாரிடமும் சொல்லவில்லை. அங்கே சொல்ல முடியாது. எங்கள் ஆட்களிடம் சொன்னால், பிறகேன் அங்கே வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள்.

ஏழாம் அறை மிரியமுடையது. தொண்ணூற்றாறு வயது. இரண்டு வருடம் நான்தான் குளிக்கவார்த்தேன். பாணை முக்கோணமாக வெட்டினால் கோபம் வரும். "நான் என்ன ஹோட்டலிலா இருக்கிறேன்?" என்று கேட்பார். தான் எங்கே பிறந்தேன் என்று சொன்னதில்லை. நான் எங்கே பிறந்தேன் என்று கேட்டதில்லை. எங்களுக்குள் ஒரு உடன்பாடு மாதிரி.

ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு பத்துக்கு மூச்சு நின்றது. பக்கத்தில் நான் மட்டும். யன்னலுக்கு வெளியே குப்பை லொறியின் சத்தம்.

இறந்தவரைத் தனியாக விடக் கூடாது. அது அவர்களின் வழக்கம். புதைக்கும்வரை ஒருவர் பக்கத்தில் இருப்பார். அவர்களுடைய ஆட்கள்தான் இருப்பது. அவர்கள் வந்து சேர நேரமாகும், அதுவரை அறையை விட்டுப் போகாதே என்று பொறுப்பாளர் சொன்னார். கட்டிலடியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலா அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மதுரைக்காரர். என்னோடு வேலை செய்கிறவர்.

"கஜன், டீ கூட குடிக்கலையாமே. போயிட்டு வாங்க, நான் உக்காந்துக்கிறேன்."

"இல்லையக்கா. நான் இருக்கிறன்."

"எங்க ஊர்ல கூட இப்படி யாரும் உக்கார மாட்டாங்க. போனை நோண்டிக்கிட்டு இருப்பாங்க." சிரித்தார். பிறகு மிரியத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். டீயை அறைக்கே கொண்டுவந்தார். அங்கே வைத்துக் குடிக்கலாமா என்று தெரியவில்லை. குடிக்கவில்லை. ஆறிப்போனது.

நான்கு மணித்தியாலம். வெளிச்சம் கட்டிலின் கால்பக்கத்திலிருந்து கைப்பக்கம் வந்தது. நான் அந்தப் பங்கரை நினைத்தேன். அங்கே யாரும் இருக்கவில்லை. நாங்கள் ஓடினோம்.

பத்தரைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் அல்ல. ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. மற்றவர் பூக்கடைக்காரி. செத்தவர்களைக் குளிப்பாட்டி, வெள்ளைத்துணி உடுத்துவது அவர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட வேலை. தூக்குவதற்கு முன் ஆசிரியை குனிந்தார். மிரியத்தின் பெயரைச் சொன்னார். தகப்பனின் பெயரையும் சொன்னார். இன்னாரின் மகளே என்று. நாங்கள் செய்வதில் பிழை இருந்தால் எங்களை மன்னித்துக்கொள் என்றார். உயிரோடு இருக்கிறவரிடம் பேசுகிற குரல்.

ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று பூக்கடைக்காரியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ தெரியாது.

"இவர் எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை" என்றார். "திருப்பி ஒன்றும் செய்யப்போவதில்லை. அதனால் இதில் பொய் கலக்க முடியாது. மற்ற எந்த உதவியிலும் கொஞ்சம் கலந்துவிடும்."

அவர்கள் போன பிறகு கட்டிலைக் கழுவினேன். ஒன்று மட்டும் தலைக்குள் சுற்றியது. மன்னிப்புக் கேட்பதற்குப் பெயர் வேண்டும். நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆளுக்குப் பெயர் இல்லை.

*

வெள்ளிக்கிழமை புதைத்தார்கள். ரூக்வூட் மயானம். ஒவ்வொரு நாளும் லிட்கம் தாண்டும்போது ரயிலில் இருந்து பார்க்கிற இடம்.

மிரியத்துக்கு ஒரே மகன். டேனியல். ஐம்பத்தெட்டு வயது. நீச்சல்தடாகங்களின் பம்பு திருத்துகிறவர். வேட்டியைக் கட்டத் தெரியாமல் கொள்ளிவைக்க வந்து நிற்கிற எங்கள் பெடியள் மாதிரி நின்றார். ஒருவர் துக்கத்தின் அடையாளமாக அவருடைய சேட்டின் இடப்பக்கத்தில் கத்தரியால் சின்னதாக வெட்டினார். மிச்சத்தை டேனியல் தன் கையால் கிழித்தார். துணி கிழிகிற சத்தம். சர்ர். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அப்பா மணல்மூட்டையைக் கிழித்த சத்தம்.

மண்போட வரிசையில் நின்றார்கள். ஒருவர் போட்டுவிட்டு மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்கவில்லை. மண்ணில் குத்திவிட்டு விலகினார். அடுத்தவர் தானாக எடுத்தார். துக்கத்தைக் கைமாற்றக் கூடாதாம். முதல் மண்ணை மண்வெட்டியின் பின்பக்கத்தால் போட்டார்கள். ஆசையோடு செய்கிற வேலை அல்ல என்று காட்டுவதற்கு. நானும் எடுத்தேன். பின்பக்கத்தால் அள்ளினால் மண் வழிந்துபோகும். மூன்று முறை முயன்றேன். பன்னிரண்டு வயதில் முன்பக்கம் பின்பக்கம் பார்க்கவில்லை. வேகமாகத் தள்ளினேன்.

ஞாயிறு பின்னேரம் டேனியல் வீட்டுக்குப் போனேன். அவர்கள் ஏழு நாள் வீட்டிலேயே இருப்பார்கள். சனம் வந்து போகும். மாலா அக்கா முதல்நாளே சொல்லியிருந்தார். "சாவு வீடு. கிளம்பறப்ப போயிட்டு வர்றேன்னு சொல்லித் தொலைக்காதீங்க." எனக்குத் தெரியும். எங்களிலும் அப்படித்தான்.

கதவு திறந்தே இருந்தது. கண்ணாடிகளை எல்லாம் வெள்ளைத்துணியால் மூடியிருந்தார்கள். மேசையில் அவித்த முட்டை. ஹோலில் பெரிய சோபா. நல்ல கதிரைகள். ஒரு மூலையில் முழங்காலுக்குக் கீழே நிற்கிற இரண்டு சின்னக் கதிரைகள். எங்களில் செத்தவீட்டுக்குப் போகிற இளம் ஆட்கள் உயர்ந்த கதிரையில் இருப்பதில்லை. பெரியவர்களுக்கு விட்டுவிட்டு நிலத்தில் இருப்பார்கள். நிலத்தில் இருக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வேலைக்காரன் தானே, தாழ இருப்போம் என்று ஒரு சின்னக் கதிரையில் போய் இருந்தேன்.

அவை துக்கம் காக்கிறவர்களின் கதிரைகள். மகனுக்கும் மருமகளுக்கும் உரியவை. மற்ற யாரும் அதில் இருக்கக் கூடாது. எனக்கு அது தெரியாது. டேனியல் குளியலறையில்.

ஒரு பெண் உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு பாத்திரம். அதை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் வந்து இருந்தார். பேசவில்லை.

எங்களில் வயதுக்கு மூத்தவர்தான் முதலில் கதைப்பது. நான் காத்திருந்தேன்.

அவர்களில் துக்கக்காரர்தான் முதலில் பேசவேண்டும். அதுவரை வந்தவர் வாய் திறக்கக் கூடாது. அவர் காத்திருந்தார்.

சுவர் மணிக்கூட்டில் நான்கு ஐந்து. நான் என் கால் சப்பாத்தைப் பார்த்தேன். நான்கு ஒன்பது. அவர் என் முகத்தையே பார்த்தார். அவசரம் இல்லை. வேறெங்கும் பார்க்கவில்லை. போனை எடுக்கவில்லை. இந்த நாட்டில் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. விசாரணை அறையில் பார்த்தார்கள். அது பிழை தேடுகிற பார்வை. நான்கு பதினாறு.

மிரியம் நல்லவர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள்" என்று வந்தது. ஆங்கிலத்தில்.

பிறகு நிறுத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமை. சேலை மூட்டை. என் மடி. நான்கு வரை எண்ணியது. வாளியால் மணல் தள்ளியது. அம்மாவின் சட்டை. பதினாறு வருடத்தில் முதல் முறை. ஒரு அந்நியப் பெண்ணுக்கு முன்னால்.

அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. நான் முடித்த பிறகு கேட்டார்.

"அவளுடைய பெயர் என்ன?"

"பெயர் இல்லை. முப்பத்தொரு நாள் ஆகவில்லை."

"எங்களில் பெயர் இல்லாமல் புதைக்க மாட்டார்கள்" என்றார். "ஒருநாள் பிள்ளை என்றாலும். யாரும் வைக்கவில்லை என்றால் குழியடியில் நின்று வைப்பார்கள். இல்லாவிட்டால் எப்படிக் கூப்பிடுவது?"

"இப்ப வைக்கலாமா? இவ்வளவு வருடத்துக்குப் பிறகு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பல்லுப் பிடுங்குகிறவள்." மூக்கைத் துடைத்தார். "அம்மா இருக்கிறாரா? அவரைக் கேள்."

அந்த நேரம் டேனியல் வந்தார். கிழிந்த சேட்டோடு. தன் கதிரையில் நான் இருப்பதைப் பார்த்து நின்றார். "கஜன்! ரூத், இவன்தான் அம்மாவைப் பார்த்த பெடியன்."

ரூத் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் இவனைக் கொச்சியில் இருந்து வந்த யூதன், உன் மருமகன் என்றல்லவா நினைத்தேன்!"

"எனக்கு மகளே இல்லை, ரூத்."

"அதுதானே யோசித்தேன், எப்ப கல்யாணம் நடந்தது, எனக்கேன் சொல்லவில்லை என்று."

டேனியல் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு என்று அவருடைய மனைவி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். கதிரையின் கதையைச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டு எழும்பினேன். ரூத் என் தோளைப் பிடித்து அமத்தினார்.

"இரு. அந்தக் கதிரையில் யார் இருக்கவேண்டுமோ அவர்தான் இருக்கிறார்."

டேனியல் மற்றக் கதிரையில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், முழங்காலை மடக்கிக்கொண்டு.

சூரியன் இறங்குவதற்கு முன் பிரார்த்தனை. மகன் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லப் பத்து யூத ஆண்கள் கூடவேண்டும். டேனியல் விரலை நீட்டி எண்ணினார். "ஒன்று இல்லை, இரண்டு இல்லை, மூன்று இல்லை..." ஒன்பதில் நின்றது. நான் பத்தாவதாக நின்றேன். விரல் என்னிடம் வந்து நின்றது. பிறகு இறங்கியது.

"கஜன், மன்னிக்கவேண்டும். உன்னை..."

"தெரியும். பரவாயில்லை."

குசினி வாசலுக்குப் போய் நின்றேன். ஒருவர் தெருவுக்கு ஓடினார், பத்தாவது ஆளைப் பிடிக்க. ரூத் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "என்னையும் எண்ண மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் சாப்பாடாவது இருக்கிறது." ஒரு முட்டையை என் கையில் வைத்தார்.

"ஏன் இல்லை இல்லை என்று எண்ணுகிறார்?"

"ஆட்களை எண்ணக் கூடாது. ஆடு மாட்டை எண்ணலாம். ஆளை எண்ணினால் அவர் ஒரு எண் ஆகிவிடுவார். அதனால் எண்ணவில்லை என்று சொல்லிக்கொண்டே எண்ணுகிறோம்." தோளைக் குலுக்கினார். "யாரை ஏமாற்றுகிறோமோ தெரியாது."

பத்தாவது ஆள் வந்த பிறகு டேனியல் காகிதத்தைப் பார்த்துத் தட்டித் தடவி வாசித்தார். மற்ற ஒன்பது பேரும் அவருக்குப் பதில் சொன்னார்கள். நான் வாசலில். எனக்கு அப்படிப் பதில்சொல்ல ஒருவரும் இருந்ததில்லை.

வெளிக்கிடும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. ரூத் சொன்னார். துக்கக்காரருக்குச் சொல்கிற ஆறுதல் வார்த்தை. அதில் கடவுளை அவர்கள் இடம் என்ற பெயரால் கூப்பிடுகிறார்கள். துக்கம் காக்கிற மற்ற எல்லோருக்கும் நடுவில், இடம் உன்னைத் தேற்றட்டும் என்று பொருள். டேனியலுக்குச் சொன்னார். பிறகு எனக்கும் சொன்னார்.

ரயிலில் முட்டை என் பொக்கற்றில் இருந்தது. லிட்கம் தாண்டியது. இடம் என்ற சொல்லை நினைத்துக்கொண்டு வந்தேன். இடம்பெயர்ந்தவர் என்றுதான் எங்களை எல்லாப் படிவத்திலும் எழுதினார்கள்.

*

செவ்வாய் எனக்கு லீவு.

பின்னேரம் மூன்று மணி. அம்மா குசினியில். நிலத்தில் பேப்பரை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் போய் எதிரே நிலத்தில் இருந்தேன். பேசவில்லை. துக்கக்காரர்தான் முதலில் பேசவேண்டும்.

"என்னடா? சுகமில்லையே?"

தலையை ஆட்டினேன். இல்லை, சுகம்தான்.

"வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

இல்லை.

"பின்னை ஏன் குரங்கு மாதிரி குந்திக்கொண்டிருக்கிறாய்? அந்தத் தண்டை முறி."

தண்டை முறித்தேன். அம்மா கீரையின் விலையைச் சொன்னார். பக்கத்து வீட்டு நாயைப்பற்றிச் சொன்னார். முடிந்துபோனது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூத் பார்த்தது போல. போன் அடித்தது. எடுக்கவில்லை. அம்மாவின் கை மெதுவாகியது.

"ஆரோ செத்துப்போச்சினமோ?"

"ஓம். நான் பார்த்த அம்மா ஒராள்."

அந்த இரண்டு பெண்களைப்பற்றிச் சொன்னேன். தூக்குவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை. இன்னாரின் மகளே என்று. பிழை இருந்தால் மன்னிக்கச் சொன்னதை. அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் கை நின்றது.

தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம். ஒரு பஸ்.

"நான் கூப்பிட்டனான்" என்றார் அம்மா.

கையில் இருந்த தண்டைக் கீழே வைத்தேன்.

"பத்தொன்பது நாளும் கூப்பிட்டனான். காதுக்குள்ள. முப்பத்தொண்டு வரமுதல் ஆருக்கும் சொல்லப்படாதெண்டு உனக்குச் சொல்லேல்ல. உன்ரை கொப்பருக்குத் தெரியும். அந்தாள்தான் பேரைத் தெரிஞ்செடுத்தது."

"என்னெண்டு?"

"கயல்விழி." கீரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மீன் பிடிக்கிறவன்ரை பெட்டை. வேறென்ன பேர் வைக்கிறது."

பதினாறு வருடம். பெயர் இல்லை என்று நான் எழுதாமல் விட்டேன். பெயர் இந்த வீட்டிலேயே இருந்தது. அடுத்த அறையில்.

"பிறகேன் அம்மா ரெண்டெண்டு சொன்னனீங்கள்? முகாமிலை?"

"பேரைச் சொன்னா நீ எழுதிப்போடுவாய். செத்ததெண்டு." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "உன்ரை மடியிலை இருந்து எடுத்தது எனக்குத் தெரியுமடா. நான்தான் போட்டனான் உன்ரை மடியிலை. நீ ஒண்டும் செய்யேல்ல. எழுதினால் நீயெல்லோ அதையும் தூக்கிக்கொண்டு திரிவாய்."

நான் அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்தேன். சொல்லவில்லை.

"வைகாசி வருது" என்றேன். "பட்டியல் ரைப் பண்ணவேணும்."

அம்மா கீரையைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். எழும்பினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுது. மூண்டு எண்டு மட்டும் எழுதிப்போடாதை. பேரை எழுது."

அன்று பின்னேரம் எழுதினேன். இது அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டின் பகுதி. பொருட்களை எண்ணியிருக்கிறேன்.

வீடு ஒன்று. மாத்தளனுக்கு வரமுன்னர் விட்டது.

வள்ளம் ஒன்று. வலை நான்கு.

ஆடு ஆறு. அவிழ்த்துவிட்டு வந்தோம்.

அம்மாவின் கூறைச்சேலை ஒன்று. மணல்மூட்டையாக வெட்டியது. யாரைக் காத்ததோ தெரியாது.

யாரோ ஒரு பெண்ணின் கூறைச்சேலை ஒன்று. சிவப்பு. சரிகைக் கரை. அவரை எனக்குத் தெரியாது. அதில் சுற்றினோம்.

அரிசி வாளி ஒன்று. முள்ளிவாய்க்காலில் விட்டது.

ஆட்கள்.

நாகலிங்கம். என் அப்பா. முள்ளிவாய்க்கால். காலை, கஞ்சி வரிசையில்.

பூமணி. என் மாமி. வலைஞர்மடம். பங்கர் வாசலில்.

கயல்விழி. நாகலிங்கத்தின் மகள். பத்தொன்பது நாள். அதே பங்கரில், என் மடியில். எங்கள் கையில் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்.